விளங்கொலி

மூன்றாம் பாடவேளை மணி அடித்து ஓய்ந்ததும் ஜெபக்கனி அறைக் கதவைச் சாத்திவிட்டுச் செவிப்பொறியைக் காதில் பொருத்திக்கொண்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் புத்தகத்தைப் பிரிக்கிற நேரம் அது. பிறகு எங்கோ ஒரு துளி விழுந்தது. தகரத்தின் மேல் விழும் முதல் மழைத்துளிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும் அந்த ஒலி. ஆனால் அதைவிடத் தெளிவானது. உயர்ந்த, மெல்லிய ஒலி என்பதால் ஆறாம் வகுப்புப் பிள்ளையாக இருக்க வேண்டும். அதன் பின்னால் இன்னொன்று. ஆய்வகத்துப் பக்கமிருந்து ஒரு கொத்தாக நாலைந்து. கொஞ்ச நேரத்தில் கூத்தன்விளை அரசு மேல்நிலைப் பள்ளி முழுவதும் தூறத் தொடங்கியது.

அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியையாகி மூன்று மாதம் ஆகியும் இந்த நேரத்தில் கைமயிர் சிலிர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு துளியும் ஒரு பிள்ளை. அதுவரை தெரியாத ஒன்று அந்தக் கணத்தில் அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. இத்தனை காலம் மனிதர்கள் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார்கள். இந்த ஒலியைக் கேட்காமலே நடத்தியிருக்கிறார்கள்.

ஒன்று விளங்கும்போது மூளையின் மின்னலைகள் கண்ணிமைக்கும் நேரம் ஒரே சீராகச் சேர்ந்து அடங்குகின்றன என்பது கண்டுபிடிக்கப்பட்டுப் பல காலம் ஆகிவிட்டது. அந்தச் சிறு அசைவைத் தலையைத் தொடாமல், கூரையிலிருந்தே பிடிக்கும் உணரிகள் வந்ததும்தான் உலகம் மாறியது. என்ன விளங்கியது என்பது உணரிக்குத் தெரியாது. விளங்கியது என்பது மட்டும் தெரியும். அதை அது ஒலியாக்கி அனுப்பும். அதற்கு விளங்கொலி என்று பெயர் வைத்தார்கள். அரசுப் பள்ளிகளின் எல்லா வகுப்பறைக் கூரைகளிலும் பொருத்தினார்கள்.

அதற்கும் முன்பே தலைமையாசிரியர்களின் பழைய வேலை போய்விட்டிருந்தது. வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, மிதிவண்டி வழங்கல், மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் என்று அவர்களை விழுங்கிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் அலுவல்பொறி வாங்கிக்கொண்டது. அப்புறம் தலைமையாசிரியர் என்பவர் எதற்கு என்ற கேள்வி சட்டமன்றம்வரை போனது. அதற்கான விடையாக அரசு அவர்களுக்குக் காதைக் கொடுத்தது. திருச்சியில் தலைமையாசிரியர் வளர்கூடம் எழும்பியது. பதவி உயர்வு பெறும் ஒவ்வொருவரும் அங்கே ஆறு மாதம் தங்கி, கேட்கப் பழக வேண்டும்.

அங்கே கற்றுக்கொண்டதில் ஜெபக்கனியை உலுக்கியது ஒன்றுதான். மனப்பாடத்துக்கு ஒலி கிடையாது. ஒரு வகுப்பே சேர்ந்து வாய்ப்பாட்டை முழங்கினாலும், கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான விடை வந்தாலும், செவிப்பொறியில் பாலைவனம்போல் அமைதியாக இருக்கும்.

அவள் பள்ளியில் அப்படி ஒரு பாலைவனம் இருந்தது. பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு, கணக்குப் பாடவேளை. ஆசிரியர் இசக்கிராஜ். மாவட்டத்திலேயே அதிக நூற்றுக்கு நூறு வாங்கித் தருபவர். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அவருக்காகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஒருநாள் அவரை அறைக்கு அழைத்துப் பேசிப் பார்த்தாள்.

"சார், உங்க வகுப்புல ஒலியே வரமாட்டேங்குதே."

இசக்கிராஜ் சிரிக்கவில்லை. "மார்க் வருதுல்லா மேடம்?"

"வருது. நான் இல்லன்னு சொல்லல."

"பெத்தவங்க என்ட்ட வந்து மார்க்கத்தான் கேக்காங்க. துளி எத்தனை விழுந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. இதுல கைய வச்சிட்டு நாளைக்கி ரிசல்ட்டு விழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? நீங்களா? உங்களுக்குப் பழக்கம் காணாது மேடம். புது ஆளு. அதான் பாக்கேன்."

அவர் சொன்னதில் மரியாதைக் குறைவு இல்லை. அதனால்தான் அது வலித்தது.

அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வளர்கூடத்திலிருந்து மாதந்தோறும் பள்ளியின் மொத்த விளங்கொலி அளவு வரும். அவள் பொறுப்பேற்ற நாளிலிருந்து அது இறங்கிக்கொண்டே வந்தது. முதல் வருடம் தகுதிகாண் பருவம். ஒலி குறைந்த பள்ளியின் தலைமையாசிரியரை மறுபடி வகுப்பாசிரியராக அனுப்பிவிடுவார்கள். ஜெபக்கனி இருபது வருடம் வேதியியல் நடத்தியவள். திரும்பிப் போவதில் அவளுக்கு அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பள்ளி தன் கையில் வாடுகிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அதனால் இன்னும் அதிகமாக உழைத்தாள். காலையிலும் மாலையிலும் எல்லா வகுப்புகளையும் சுற்றி வந்தாள். கதவருகே நின்று பார்த்தாள். ஆசிரியர்களைப் பாராட்டினாள். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டாள். ஒலி இன்னும் இறங்கியது.

காரணம் ஒரு தற்செயலில் தெரிந்தது. வழக்கமாகச் சுற்றி வரும்போது செவிப்பொறியை மேசையில் வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் மறந்துபோய்க் காதிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கீழ்த்தள வராந்தாவில் நல்ல தூறல். ஏழாம் வகுப்பை நெருங்கினாள். ஏழாம் வகுப்பு அடங்கியது. தாண்டிப் போனாள், பின்னால் ஏழாம் வகுப்பு மெல்லத் துளித்தது, முன்னால் எட்டாம் வகுப்பு அடங்கியது. குளத்தங்கரையில் ஆள் நடக்க நடக்கத் தவளைகள் வாயை மூடிக்கொள்வதுபோல், அவள் கால் போகும் இடமெல்லாம் பள்ளி வாயை மூடிக்கொண்டது.

வராந்தாவின் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர்க் குழாயருகே ஒரு பெண் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு முப்பிடாதி. வாய்க்கு அஞ்சாதவள் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்லும் பிள்ளை.

"முப்பிடாதி, இங்க வா. நான் ஒண்ணு கேப்பேன், பயப்படாம சொல்லணும். நான் வகுப்புக்குள்ள வந்தா உங்களுக்கு என்ன ஆகுது?"

முப்பிடாதி மூடியைத் திருகியபடி யோசித்தாள். "நீங்க வந்தா நாங்க படிக்கிற மாதிரி இருக்கணும்லா டீச்சர்."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி படிச்சிட்டுத்தான் இருந்தோம்."

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்தது. வகுப்புக்கு ஓடும் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அறையிலேயே இருந்துவிட்டால் போதும் என்று முதலில் நினைத்தாள். ஒரு வாரம் அப்படித்தான் இருந்தாள். ஒலி கொஞ்சம் ஏறியது. பழைய நிலைக்கு வந்து நின்றது. பத்தாம் 'அ' மட்டும் அப்படியே கிடந்தது. அங்கே அவள் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான். அந்த வகுப்பு எப்போதுமே யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

மறு திங்கட்கிழமை அவள் இசக்கிராஜிடம் போனாள்.

"சார், தினமும் உங்க பாடவேளைக்கு வந்து உக்காரலாமான்னு கேக்க வந்தேன்."

"சோதனை போடுதியளா மேடம்?"

"இல்ல. பத்தாம் வகுப்போட நான் கணக்க விட்டுட்டேன். மறுபடி படிக்கணும்."

அவர் நம்பவில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

செவிப்பொறியைக் காதில் மாட்டியபடி, கடைசி வரிசையில், முப்பிடாதியின் பக்கத்தில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாள் யாரும் மூச்சு விடவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். அவள் கேள்வி கேட்கவில்லை, தலையாட்டவில்லை, யாரையும் பார்த்துப் புன்னகைக்கவில்லை. இசக்கிராஜ் கொடுத்த கணக்கைப் போட்டாள். தப்பாகப் போட்டாள். அடித்துவிட்டு மறுபடி போட்டாள். ஒரு கட்டத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி, "டீச்சர், அங்கன குறி மாறும்" என்று கிசுகிசுத்தாள். அதன் பிறகு வகுப்பு அவளை மறந்துபோனது.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. இசக்கிராஜ் ஒரு சமன்பாட்டை வேகமாகச் சுருக்கிக்கொண்டு போனார். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினார். "மைனஸ் இன்ட்டு மைனஸ்?" என்றார். "பிளஸ்!" என்று வகுப்பு முழங்கியது. செவிப்பொறியில் அமைதி.

ஜெபக்கனி கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் தூக்கியது அவளுக்கே தெரிந்தது.

"சார், அது ஏன் பிளஸ்?"

"மேடம்?"

"எனக்கு நெஜமாவே தெரியல. சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டே வாரேன். குறைவ எடுத்துக் குறைவால பெருக்குனா எப்படிக் கூட வரும்?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது. இசக்கிராஜின் முகம் கறுத்துவிட்டது. தன்னை மடக்கத்தான் இத்தனை நாளும் வந்து உட்கார்ந்தாள் என்று அவர் நினைத்தது அவர் கண்ணில் தெரிந்தது. அவள் எழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தவித்தாள். ஆனால் கேள்வி உண்மையானது. அதைத் திரும்பப் பெற என்ன இருக்கிறது?

"அது விதி மேடம்" என்றார் அவர்.

"யாரு போட்டது சார்?" என்றாள் முப்பிடாதி.

"ஏட்டி, உக்காரு!"

அவர் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றார். அப்படியே நின்றார். வெளியே காற்றாலைகள் சுற்றும் சத்தம் கேட்டது. திரும்பியபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. "எனக்கும் தெரியல" என்றார், யாரிடமும் இல்லாமல். "இத்தன வருசம் நடத்திட்டேன். யோசிச்சே பாக்கல."

அவர் சன்னலுக்குப் போனார். எதிர்க் கட்டடத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி நின்றது. அதன் குழாயில் ஒழுக்கு.

"சரி. ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம்" என்றார் மெதுவாக. "அந்தத் தொட்டில நிமிசத்துக்கு ரெண்டு லிட்டர் கொறையுது. கொறையுதுன்னா?"

"மைனஸ் ரெண்டு" என்றது யாரோ.

"மூணு நிமிசம் கழிச்சு?"

"மைனஸ் ஆறு. இப்ப இருக்கறத விட ஆறு லிட்டர் கொறைவு."

"அப்ப அந்த மூணு வந்து பிளஸ் மூணு. வரப்போற நேரம். மைனஸ் மூணுன்னா என்னல?"

முன்வரிசையில் ஒரு பையன் உதட்டைக் கடித்தான். இசக்கிராஜ் சாக்பீஸைப் பிடித்திருந்த கை அந்தரத்தில் நின்றது. விடை அவருக்கும் தெரிந்திருக்கவில்லை; அவரும் அவர்களோடு சேர்ந்து தேடிக்கொண்டிருந்தார்.

"போன நேரமா சார்?" என்றாள் முப்பிடாதி. "மூணு நிமிசத்துக்கு முந்தி?"

"முந்தி எவ்வளவு இருந்திருக்கும்?"

"ஆறு லிட்டர்..." அவள் எழுந்துவிட்டாள். "சார், கூட இருந்திருக்கும்! கூட!"

ஜெபக்கனியின் காதில் முதல் துளி விழுந்தது. மிகப் பக்கத்தில், தோளோடு தோளாக. அடுத்த கணம் ஒன்றன் மேல் ஒன்றாக நாலா பக்கமிருந்தும் கொட்டத் தொடங்கியது. வருடக்கணக்காகக் காய்ந்துகிடந்த அந்த அறையில் மழை அடித்தது. "கொறையிறத பின்னால ஓட்டுனா கூடுதுல்லா!" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்து உலுக்கிக்கொண்டார்கள். அந்த உயர்ந்த ஒலிகளுக்கு நடுவே, அவள் இதுவரை கேட்டிராத ஒன்று கேட்டது. தாழ்ந்த, கனத்த, கொஞ்சம் கரகரத்த ஒரு துளி.

நிமிர்ந்து பார்த்தாள். இசக்கிராஜ் பலகையில் சாய்ந்துகொண்டு, சிறு பையனைப்போல் வாயைத் திறந்தபடி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்கும் ஒலி உண்டு என்று வளர்கூடத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோயிலில் நடை திறக்கும்போது குனிகிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கூத்தன்விளையில் அடித்த மழை மாநிலம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. இசக்கிராஜ் தனக்கு விளங்காதவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். தமிழாசிரியை, வரலாற்று ஆசிரியர் என்று மற்றவர்களுக்கும் அது தொற்றியது. ஜெபக்கனி ஒவ்வொரு வாரமும் ஒரு வகுப்பில் மாணவியாகப் போய் உட்கார்ந்தாள். வருடக் கடைசியில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. நாலைந்து பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். இரண்டு பேர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். இசக்கிராஜே அவர்களோடு உட்கார்ந்து பேசினார். ஆனால் விளங்கொலி அளவு யாரும் கண்டிராத உயரத்தில் நின்றது.

திருச்சியிலிருந்து அழைப்பு வந்தது.

வளர்கூடத்தின் இயக்குநர் முனைவர் திலோத்தமா. விளங்கொலியைப் பள்ளிகளுக்குக் கொண்டுவரப் போராடியவர் அவர்தான். அவர் ஜெபக்கனியைக் கையைப் பிடித்து ஒலியரங்கத்துக்குக் கூட்டிப்போனார். புதிய தலைமையாசிரியர்கள் அறுபது பேர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். விளக்குகள் அணைந்தன. தொழில்நுட்பர் கொளஞ்சிநாதன் எல்லா மாவட்டங்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டார்.

அது மழை இல்லை. கடல். குமரிமுனையிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை அந்தக் கணத்தில் விளங்கிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான பிள்ளைகளின் ஒலி, சுவர்களை நிரப்பி, நெஞ்சுக்குள் இறங்கியது. மலையூர் ஒன்றில் எழுத்துக்கூட்டி முதல் சொல்லைப் படித்துவிட்ட பிள்ளையும், துறைமுக நகரம் ஒன்றில் கோள்களின் பாதையைப் புரிந்துகொண்ட பிள்ளையும் அதற்குள் இருந்தார்கள். அறுபது பேரில் சிலர் அழுதார்கள். ஜெபக்கனியும் அழுதாள்.

விளக்கு எரிந்ததும் திலோத்தமா அவளை மேடையேற்றினார்.

"உங்க முறைய சொல்லுங்க. தெளிவா, படிப்படியா. இத நாம எல்லாப் பள்ளிக்கும் விதியாக்கிடலாம்."

ஜெபக்கனி சொன்னாள். கடைசி வரிசையில் உட்காருங்கள். கவனிக்கப்படாதவராக ஆகுங்கள். தெரியாததைக் கேளுங்கள். கேட்கிற கேள்வி உண்மையாக இருக்கட்டும். நன்றாகத்தான் பேசினாள். அறுபது பேரும் குனிந்து எழுதினார்கள், தலையாட்டினார்கள். ஒருவர் கையைத் தூக்கி, "எத்தனாவது நாள் சந்தேகம் கேக்கணும் மேடம்?" என்றார். இன்னொருவர், "எந்தப் பாடத்துல கேட்டா நல்லா இருக்கும்?" என்றார். மற்றவர்கள் விடைக்காகப் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

அவளுக்குப் பழைய பத்தாம் 'அ' நினைவுக்கு வந்தது. மேலே பார்த்தாள். எல்லா அரசுக் கல்விக் கட்டடங்களையும்போல இந்தக் கூரையிலும் உணரிகள் இருந்தன.

"சார், இந்த அறையோட ஒலியப் போட முடியுமா?"

கொளஞ்சிநாதன் இயக்குநரைப் பார்த்தார். "இத யாரும் கேட்டதில்லைங்களே. ஆனா லைன் இருக்கு."

"போடுங்க" என்றார் திலோத்தமா, புன்னகையோடு.

மாவட்டங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடல் வற்றியது. ஒலிபெருக்கிகளில் இந்த ஒரு அறை மட்டும் மிஞ்சியது.

அமைதி.

"தொடர்ந்து பேசுங்க" என்றார் திலோத்தமா. ஜெபக்கனி பேசினாள். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. வகுப்பு எப்படி விளங்கிக்கொள்கிறது என்பதை அவள் அழகாக விளக்க விளக்க, ஒரு துளிகூட விழவில்லை. பேனாக்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ரிப்பேரா?" என்றார் திலோத்தமா.

"இல்லைங்க மேடம். நல்லாத்தான் வேலை செய்யுது." கொளஞ்சிநாதன் தயங்கினார். "பழைய பதிவெல்லாம் இருக்கு. பாத்துட்டேன். இந்த அரங்கத்துல எப்பவுமே இப்படித்தான் இருந்திருக்கு."

திலோத்தமாவின் புன்னகை போய்விட்டது. இந்த மேடையில் நின்று அவர் உருவாக்கி அனுப்பிய தலைமையாசிரியர்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். ஜெபக்கனியும் இதே நாற்காலிகளில் ஒன்றில் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியவள்தான். இன்று அதே மேடையில் அதையேதான் செய்துகொண்டிருக்கிறாள். அவள் பேச்சை நிறுத்தினாள்.

நடு வரிசையில் ஒருவர் எழுந்தார். வாணியம்பாடிப் பக்கத்துக்காரர், வயதில் மூத்தவர். "தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்க சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல. எழுதிக்கினேன், அவ்ளோதான்."

"எனக்கும்" என்றாள் ஒருத்தி. பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர்.

வெளியே சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எழவில்லை. திலோத்தமா மேடையைவிட்டு இறங்கினார். மெதுவாக, பிடித்துக்கொள்ள எதையோ தேடுகிறவர்போல. காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில், அந்த வாணியம்பாடிக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத்தன வருஷமா எல்லாப் பள்ளியையும் கேட்டுட்டு இருந்தோம்" என்றார். "எதுக்குக் கேட்டோம்?"

அது சொற்பொழிவுக் கேள்வி அல்ல. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஜெபக்கனியும் இறங்கி வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அறுபத்திரண்டு பேரும் தரையைப் பார்த்தபடி யோசித்தார்கள்.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு துளி விழுந்தது. தாழ்ந்த, தடித்த, பழக்கமில்லாத ஒலி.

யாருடையது என்பது கொளஞ்சிநாதனின் திரையில் தெரிந்திருக்கும். அவரிடம் யாரும் கேட்கவில்லை.